ரிகர் (recur), ரீஅக்கர் (reoccur), ரிப்பீட் (repeat): எதை எங்க போடுறது?

சர்வர் பிரச்சனை ஒண்ணு, சரி பண்ணி விட்டாலும் கொஞ்ச நாள்ல திரும்பத் திரும்ப வருது, அதுக்கு இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதணும். "தி இஷ்யூ வாஸ் ரிகர்ட் அகெய்ன்"னு எழுதலாமா? இல்ல ரீஅக்கர்னு போடணுமா, பேசாம ரிப்பீட்னே போட்டா என்ன? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
முதல்ல அந்த "வாஸ்" வேணாங்க. ரிகர் செயப்படுபொருள் குன்றிய வினை, அதாவது பிரச்சனை தானாவே திரும்ப வருது, அதை யாரும் "ரிகர் பண்ண" முடியாது, அதனால செயப்பாட்டு வினையா எழுதவே முடியாது. "அகெய்ன்"னும் தேவையில்ல, மறுபடிங்கிறது அந்த வார்த்தைக்குள்ளயே இருக்கு. "தி இஷ்யூ ரிகர்ட்", அவ்ளோதான். ரிப்பீட் பொதுவா ஆள் செய்றதுக்கு, டெஸ்ட்டை ரிப்பீட் பண்ணலாம், எரர் ரிகர் ஆகும்.

பதில் 2:
மேல சொன்னது சரி. ரீஅக்கர்னா இன்னொரு தடவை நடந்துச்சுங்கிற மாதிரி, ரிகர்னா விட்டு விட்டு பல தடவை வருதுங்கிற வாசனை அடிக்கும். 1ஐ 3ஆல வகுத்தா 0.333னு போய்ட்டே இருக்கே, அதை ரிகரிங் டெசிமல்னு சொல்றது அதனாலதான். ஆனா இது இரும்புச் சட்டம் இல்ல, குணமான நோய் ஒரே ஒரு தடவை திரும்பி வந்தாலும் டாக்டருங்க ரிகரன்ஸ்னுதான் சொல்வாங்க. உங்க கேஸுக்கு ரிகர்தான் பொருத்தம்.
ஸ்பெல்லிங் கவனிங்க: ரிகர்ட், ரிகரிங், ரிகரன்ஸ் மூணுலயும் டபுள் ஆர். ரிகரன்ஸ்ல அந்த ஆருக்கு அப்புறம் "ஈ" எழுத்து, நிறைய பேர் "ஏ" போடுறாங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இதையே தமிழ்லயும் ஒரு காப்பி குடுக்கணும், "பிரச்சனை மீண்டது"ன்னு எழுதலாமா?

பதில் 2:
ஐயோ வேணாம், அர்த்தமே மாறிடும். மீண்டதுன்னா தமிழ்ல நம்ம மனசுக்கு முதல்ல வர்றது தப்பிச்சு வெளிய வந்ததுங்கிறதுதான், நோயிலிருந்து மீண்டார், கடன்லேர்ந்து மீண்டார்னு சொல்றோமே. "சர்வர் மீண்டது"ன்னா சர்வர் சரியாயிடுச்சுன்னு ஆயிடும், படிக்கிறவங்க பிரச்சனை முடிஞ்சதுன்னு ரிப்போர்ட்டை க்ளோஸ் பண்ணிடுவாங்க! தலைப்புக்கு "மீள்நிகழ்வு" போடுங்க, வாக்கியத்துல "சரிசெய்த பிறகும் இதே பிழை திரும்பத் திரும்ப வருகிறது"ன்னு நேரா எழுதிடுங்க.

பதில் 1:
"மீண்டும் தலைதூக்கியது"ன்னும் எழுதலாம், ஆனா அது ஒரு தடவைக்குத்தான். பல தடவைன்னா அவர் சொன்னதுதான் பெஸ்ட், கூடவே எந்தெந்த தேதில வந்துச்சுன்னும் போட்டுடுங்க.