ஆயா வீட்டு சொந்தங்கள்: வாழமரம் யாரு தர்றது

செல்வி: எல்லாரும் பாருங்க. ஞாயித்துக்கெழம ரம்யா கல்யாணத்துக்கு மண்டபத்து வாசல்ல கட்ட ரெண்டு வாழமரம் தாரோட வேணும். திருப்பாப்புலியூர் மார்க்கெட்ல கேட்டா முகூர்த்த நாளுன்னு வாய்க்கு வந்த வெல சொல்றான்

பாலு: எங்க பக்கம் ஒண்ணு தார் போட்டு நிக்குதுக்கா. பூவன். எடுத்துக்க

செல்வி: இன்னொண்ணு?

கார்த்தி: அது பக்கத்துலயே பெருசா ஒண்ணு இருக்கே அத்த. தார்தான் இல்ல. அதையும் வெட்டிடலாம், வாழத்தண்டு பொரியலுக்காச்சும் ஆவும்

கணேசன்: தம்பி கார்த்தி, தார் போடாத மரத்துல தண்டு இருக்காது. மொதல்ல அது மரமே இல்ல, புல்லு பூண்டு மாதிரி செடி வகை, கட்டைங்கற பேச்சே கெடையாது. வெளிய நாம மரம்னு பாக்கறது பூரா இலையோட அடிமட்டை, ஒண்ணு மேல ஒண்ணு சுத்தி இறுகி நிக்குது, நெசமான தண்டு மண்ணுக்குள்ள கெழங்கா கெடக்குது, பூ விடற பருவம் வந்தாதான் கெழங்குலேர்ந்து ஒரு தண்டு கெளம்பி மட்டைங்களுக்கு நடுவுலயே ஏறி உச்சில பூவா எட்டிப் பாக்கும், அதத்தான் உங்க அம்மா நார் எடுத்து நறுக்கறது. இப்ப வெட்டுனா உள்ள குருத்துதான் இருக்கும்.

கார்த்தி: சரி பெரியப்பா 🙏

நித்யா: ரிட்டயர்டு ஆயும் கிளாஸ் முடியல

மாலா: எங்க பக்கம் இருக்கறதும் தார் போட்டிருக்கு செல்வி. ஆனா காய் பெருக்கல. போன வாரம் கார்த்தி செவுத்து மேல ஏறி பூவ ஒடிச்சிட்டு போனான், அதோட நின்னு போச்சு

கார்த்தி: பெரியம்மா கேட்டுட்டுதானே ஒடிச்சேன்

கணேசன்: அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மாலா. மேல மொதல்ல வர்றது பெண் பூ, அதுதான் சீப்பு சீப்பா காயாவும். கீழ மடலுக்குள்ள மிச்சம் இருக்கறது ஆண் பூ, எவ்ளோ நாள் தொங்குனாலும் காய் புடிக்காது. கடைசி சீப்பு வந்தப்புறம் ஒடிச்சா தாருக்கு நல்லதுதான். ராமாபுரம் பக்கம் போய் பாரு, தோட்டத்துல அவங்களே ஒடிச்சி விடுவாங்க.

மாலா: ஆமா உங்க தம்பி புள்ளைன்னா எல்லாம் நல்லதுதான்

பாலு: அக்கா பத்திரிகைல எங்க மாமனார் பேரு இல்ல. அவ காலைலேர்ந்து பேசமாட்டேங்கறா

செல்வி: புரூஃப் அனுப்புனேனேடா. நீ கட்டவிரல் போட்ட

பாலு: யாரு எழுத்துக்கூட்டி படிச்சா

செல்வி: பெரியண்ணே தர்றீங்களா இல்லியா அத சொல்லுங்க

கணேசன்: தர்றதுக்கு என்ன. ஒரு தடவ தார் போட்டா அதோட அது ஆயுசு முடிஞ்சுது, வெட்டாட்டியும் காஞ்சிதான் போவும், பக்கத்துல கன்னு நிக்குது. அடியோட தோண்டிடாம வெட்டணும், கெழங்கு கன்னுக்கு வேணும். 2011ல தானே புயல்ல மொத்தமும் மடிஞ்சி கெடந்துது, நாம போச்சுன்னுதான் நெனச்சோம், கெழங்கு இருந்ததால திரும்ப கெளம்புச்சு. பாலு பக்கம் நிக்கறதும் அம்மா வச்ச அதே வாழையோட கன்னுதான், வெதைல வர்ற ஜாதி இல்ல இது, அதனால நம்ம சௌகரியத்துக்கு ரெண்டு வீட்டு மரம்ங்கறோமே தவிர ரெண்டும் ஒரே செடி. செவுருதான் நடுவுல வந்துது.

பாலு: செவுரு கட்டறப்ப இத சொல்லியிருக்கலாமேண்ணே

மாலா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செல்வி: கல்யாணம் முடியட்டும். கும்புடறேன்

நித்யா: அப்பா வெதையில்லன்னா பழத்துக்குள்ள கருப்பா புள்ளி இருக்கே அது என்ன

கணேசன்: நல்ல கேள்வி. வெதையாகாம நின்னு போனது அது. காட்டு வாழைய உரிச்சா கல்லு கல்லா வெதை இருக்கும், சதை கொஞ்சம்தான். நம்ம பூவன் மகரந்தம் சேராமலே காய்க்கும்.

செல்வி: எனக்கும்தான் முத்தியால்பேட்டைக்கு ஒரு கன்னு குடுத்தீங்க. தார் ஒரு முழம் வரல

கணேசன்: நீ எல எடுப்பா இருக்குன்னு அகல எலை கன்ன தூக்கிட்டு போன. ஈட்டி மாதிரி குறுகலா எல விட்டத எடுன்னு சொன்னேன், அதுதான் தாய்க்கெழங்க கெட்டியா புடிச்சிருக்கும்.

செல்வி: எப்ப சொன்னீங்க

கார்த்தி: அத்த குட்டியானை வண்டி சொல்லட்டா? சனிக்கெழம சாயந்தரம் வெட்டுனாதான் எல வாடாம இருக்கும்

மாலா: கல்யாணம் முடிஞ்சா தார் யாருக்கு? மண்டபத்துல விட்டா வந்தவன் போனவன் சீப்பு சீப்பா பிச்சிட்டு போயிடுவான்

பாலு: ஒரே செடிதானே அண்ணி. பாதி பாதி

மாலா: எங்க தார்ல என்ன பாதி

கணேசன்: வாய்ஸ் மெசேஜ் (4:12)

கார்த்தி: பெரியப்பா நாலு நிமிஷமா

செல்வி: நித்யா, மாப்ள பாண்டிலதானே இருக்காரு. பெரிய மார்க்கெட்ல ஒரு ஜோடி வெல கேட்டு வைக்கச் சொல்லும்மா. எதுக்கும் இருக்கட்டும்

நித்யா: அவரு மீட்டிங்ல இருக்காரு அத்த