மூடி மூடித்தான் இருக்கு, ஆனா ஸ்பின் ஓட மாட்டேங்குது: போர்டா, சுவிட்ச்சா?

முத்துநகர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல 6.5 கிலோ டாப் லோடு, முழு ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின். வாரண்டி முடிஞ்சாச்சு. தண்ணி பிடிக்குது, துவைக்குது, அலசுது, தண்ணியையும் வெளிய விட்டுடுது. ஸ்பின் ஆரம்பிக்கிற நேரத்துல பீப் பீப்னு கத்தி, மூடி திறந்திருக்குன்னு எரர் காட்டி நின்னுடுது. முன்னாடி மூடியைத் திறந்து டப்புன்னு அடிச்சு மூடினா சில சமயம் ஓடும். இப்ப அதுக்கும் மசியல.

மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. தினமும் பெட்ஷீட், ரப்பர் ஷீட், நைட்டி எல்லாம் துவைச்சே ஆகணும். கையால பிழிஞ்சு போட்டா இந்த ஐப்பசி மழையில காயவே மாட்டேங்குது. அரை ஈரத்துல விரிச்சா அவங்களுக்கு முதுகுல புண்ணு வந்துடுமோன்னு பயமா இருக்கு.

வந்து பார்த்த சர்வீஸ் ஆளு ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழட்டல. "போர்டு போயிடுச்சு, 4,800 ரூபா ஆகும்"னுட்டுப் போயிட்டார். உண்மையிலேயே மெஷினை இயக்குற அந்த எலக்ட்ரானிக் போர்டுதானா, எப்படிப் பார்க்கிறது? வீட்டுக்காரர்கிட்ட மல்டிமீட்டர் இருக்கு, பார்க்கத் தெரியும். மெஷின் இருக்கிறது கொல்லைப்புறத்துல, தகரக் கூரைக்குக் கீழ.

கோவைப்பையன்

அக்கா, மூடி சுவிட்சுக்கு ரெண்டு ஒயர்தான் வரும். ரெண்டையும் சேர்த்து முறுக்கி டேப் அடிச்சுடுங்க. மூடி எப்பவும் மூடியிருக்குன்னு மெஷின் நினைச்சுக்கும். எங்க வீட்டுல அப்படித்தான் ஓடிக்கிட்டிருக்கு.

பழைய ஸ்பேனர்

அந்த வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்மா. தம்பி நல்ல எண்ணத்துலதான் சொல்றார். ஆனா அவர் வீட்டு மெஷின்லயும் அந்த டேப்பை இன்னிக்கே பிரிச்சாகணும். டாப் லோடு ஸ்பின்ல டிரம் நிமிஷத்துக்கு 700 சுத்து வரைக்கும் போகும். அரை மீட்டர் அகல டிரம்முக்கு அது விளிம்புல மணிக்கு 65 கிலோமீட்டர் வேகம். மூடியைத் திறந்து குனியும்போது முந்தானையோ துப்பட்டாவோ உள்ள விழுந்தா, கையை எடுக்க அவகாசம் கிடையாது. மூடி திறந்ததும் மோட்டாரை நிறுத்தி பிரேக்கைப் பிடிக்க வைக்கிறதே அந்த சுவிட்ச் சொல்ற சேதிதான். இப்படி முறுக்கி விட்ட மெஷின்ல விரலை இழந்தவங்க கையை நான் பார்த்திருக்கேன். வீட்டுல சின்னப் பசங்க இருந்தா இன்னும் மோசம்.

இப்ப உங்க மெஷினுக்கு வருவோம். துவைக்குது, அலசுது, தண்ணியும் போகுதுன்னா போர்டு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. மோட்டாரை ரெண்டு பக்கமும் சுத்துது, டிரெயின் வால்வைத் திறக்குது, எரரையும் தெளிவா காட்டுது. இதுக்கு மேல ஒரு போர்டு என்ன செய்யணும்? அடிச்சு மூடினா ஓடும்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அதுதான் பெரிய துப்பு. தட்டினா சரியாகிற கோளாறு எங்கயோ ஒரு தொடுப்புலதான் இருக்கும்.

முதல்ல எதையும் கழட்டாம ஒண்ணு செய்யுங்க. துணியே போடாம, ஸ்பின் மட்டும் வச்சு ஓட விடுங்க. காலி டிரம் சத்தமில்லாம ஓடி முடிச்சுட்டா, மூடியில குறை இல்லைன்னு அநேகமா சொல்லிடலாம். பல மாடல்ல இந்த சுவிட்சுல இருந்து ஒரு நீளக் கை கீழ தொங்கும். துணி ஒரு பக்கமா ஒதுங்கி தொட்டி தாறுமாறா ஆடினா, அது அந்தக் கையில இடிச்சு சுவிட்சைப் பிரிச்சுவிடும். மூடி திறந்ததும் தொட்டி இடிச்சதும் அந்த மெஷினுக்கு ஒரே சேதிதான். அப்படி இருந்தா நாலு காலும் தரையில சமமா உட்கார்ந்திருக்கா, தொட்டியைத் தாங்குற நாலு கம்பியும் ஒரே மாதிரி தொங்குதான்னு பார்க்கணும்.

இங்க ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். அந்த ரப்பர் ஷீட்டை மெஷின்ல போடவே கூடாது. தண்ணி அதுல ஊடுருவிப் போகாது, மடிப்புல குளமா தேங்கி நிக்கும். ஸ்பின் வேகம் எடுக்கும்போது அந்த எடை மொத்தமும் ஒரு பக்கமா இழுத்து தொட்டியே எகிறும். கையால கழுவித் துடைச்சு நிழல்ல போடுங்க. மேல விரிக்கிற துணியை மட்டும் மெஷினுக்குக் கொடுங்க.

காலி டிரம்லயும் நின்னா, மூடியை மூடி அதோட பின் மூலைகளை ஒவ்வொண்ணா விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. ஏதாவது ஒரு மூலையை அழுத்தும்போது ஓடிச்சுன்னா, கீல் தேஞ்சிருக்கு, இல்லன்னா சுவிட்ச் லீவர் சரியா அமுங்கல.

அடுத்தது மீட்டர் வேலை. பிளக்கைப் பிடுங்கிட்டு பத்து நிமிஷமாவது விடுங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, பிளக்கே வெளிய இருக்கணும். மோட்டார் கெப்பாசிட்டர்லயும் போர்டுலயும் மின்சாரம் தங்கியிருக்கும். பின்பக்கம் மேல் பேனல்ல ரெண்டு மூணு ஸ்க்ரூ இருக்கும், அதை எடுத்தா மூடிக் கீலுக்குப் பக்கத்துல சுவிட்ச் தெரியும். கழட்டுறதுக்கு முன்னாடி போனால ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. கனெக்டரைப் பிரிச்சு, மீட்டரை 200 ஓம்ல வச்சு, லீவரை அமுக்கிப் பிடிச்சா ஒரு ஓமுக்குள்ள, இல்ல அதையொட்டிக் காட்டணும். விட்டா திறந்த சர்க்யூட் காட்டணும். அமுக்கியிருக்கும்போதே எண் குதிச்சுக்கிட்டே இருந்தா உள்ள தொடுமுனை அரிச்சுப் போச்சுன்னு அர்த்தம். தூத்துக்குடி உப்புக்காத்துல, தகரக் கூரைக்குக் கீழ இருக்கிற மெஷினுக்கு இது வந்தா ஆச்சரியமே இல்லை.

சுவிட்ச் சரியா இருந்தா ஒயரை விரலால தடவிக்கிட்டே போர்டு வரைக்கும் போங்க. கொல்லைப்புற மெஷின்னா எலி கடிச்சிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. இத்தனையும் சரியா இருந்தா மட்டும் போர்டைப் பத்திப் பேசலாம்.

முத்துநகர்வாசி

ரொம்ப நன்றி அண்ணே. காலி டிரம்லயும் நின்னுடுச்சு. இடது பின் மூலையை அழுத்தினா ஒரு நொடி ஓடி மறுபடி நிக்குது. நேத்து ராத்திரி அவர் திறந்து பார்த்தார். லீவரை அமுக்கினா க்ளிக் சத்தம் நல்லாவே கேட்குது, அதனால முதல்ல சுவிட்ச் சரின்னுதான் நினைச்சோம். ஆனா மீட்டர்ல 30, 180, 12ன்னு தாவிக்கிட்டே இருக்கு. கனெக்டர் பின்னுல பச்சையா பூத்திருக்கு. மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சா போதுமா, மாத்தணுமா?

பழைய ஸ்பேனர்

கோளாறு அதேதான். க்ளிக் சத்தம் ஸ்பிரிங்கோட சத்தம்மா. தொடுமுனை சேருதா இல்லையான்னு மீட்டர்தான் சொல்லும்.

மண்ணெண்ணெய் வேண்டாம், பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், தீப்பொறி பக்கத்துல ஆபத்தும்கூட. கனெக்டர் பின்னை மட்டும் எலக்ட்ரானிக் கடையில கிடைக்கிற காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, நல்லா உலர விடுங்க. சுவிட்சை மாத்திடுங்க. உள்ள அரிச்சதைச் சுத்தம் பண்ணினா கொஞ்ச நாள் ஓடும், மழை நாள்ல மறுபடி காலை வாரும். படுக்கையில இருக்கிறவங்களுக்குத் துவைக்கிற மெஷின் அப்படி நடுவுல நிக்கக்கூடாது. மெஷின் பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல மாடல் எண் இருக்கும். அதையும் பழைய சுவிட்சையும் கையோட எடுத்துட்டுப் போய் அதே அச்சுல வாங்குங்க. லீவர் நீளம் கொஞ்சம் மாறினாலும் மூடி அமுக்காது.

மாட்டினதும் ஸ்பின் முழு வேகத்துல ஓடும்போது மூடியைத் தூக்கிப் பாருங்க, கை உள்ள போகக்கூடாது. உடனே மோட்டார் சத்தம் அடங்கி, டிரம் சில நொடியில நிக்கணும். ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருந்தா பிரேக்கையும் பார்க்கணும், எழுதுங்க.

முத்துநகர்வாசி

மாத்தியாச்சு அண்ணே. சுவிட்ச் 350 ரூபா. மூடியைத் தூக்கினதும் டிரம் டக்குனு நிக்குது. பெட்ஷீட் எல்லாம் நல்லா பிழிஞ்சு வருது. ரப்பர் ஷீட்டை இனி கையாலதான் கழுவுவோம். மாமியார் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க.

மழைக்காலம்

இடையில கேட்கிறதுக்கு மன்னிக்கணும். எனக்கும் இதே எரர்தான், ஆனா பேனலைத் திறந்தா லீவரே இல்லை. ஒயர் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள போகுது, அவ்வளவுதான்.

பழைய ஸ்பேனர்

உங்களுது காந்த வகை. மூடிக்குள்ள ஒரு சின்னக் காந்தம் இருக்கும், அது கிட்ட வந்தா டப்பாவுக்குள்ள இருக்கிற சுவிட்ச் சேரும். பிளக்கைப் பிடுங்கி, டப்பா ஒயர்ல மீட்டரை வச்சு, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்ட கொண்டுவந்து பாருங்க. மீட்டர் அசைஞ்சா சுவிட்ச் நல்லாயிருக்கு, மூடியில இருக்கிற காந்தம்தான் கழண்டு விழுந்திருக்கும், இல்ல நகர்ந்திருக்கும். ஒட்டும்போது முன்னாடி எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சோ அதே பக்கமா வச்சு ஒட்டுங்க. மூணு ஒயர் வந்தா அது வேற ஜாதி சென்சார், மீட்டரை வைக்காம இங்க போட்டோ போடுங்க.