புதுப்பிப்பு: வாசலுக்கு எந்த மரம்? முடிவாகிவிட்டது

மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே பத்தடி இடம், பூக்கிற மரம் எது வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் குல்மோகர் சொன்னீர்கள். அழகுதான், ஆனால் வேர் மேலாகப் படரும், கிளை சட்டென ஒடியும். 2016 வர்தா புயலில் சென்னையே பார்த்தது. அதனால் பவழமல்லி நட்டுவிட்டோம். சிறிய மரம், கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டிவிட்டால், அடங்கும். ராத்திரி பூத்து விடியலில் உதிரும். உதிர்ந்த பூவையும் சாமிக்குச் சூட்டலாம் என்பதில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மதிலோரம் நந்தியாவட்டை, அரைநிழலிலும் பூக்கும். அரளி வேண்டாம் என்று எச்சரித்தவருக்குத் தனி நன்றி: இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு, வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.

இட்லிப்பூதான் இன்னும் யோசனையில். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அது பாய்ந்து மண் களராகிவிட்டால் (காரத்தன்மை ஏறிவிட்டால்), செடி இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகிவிடும். தொட்டியில் வளர்ப்பவர்கள் மண்கலவை சொல்லுங்களேன்.