கூத்து நோட்டுகளைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடலாமா?

பாலாற்றான்:
வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு கூத்து வாத்தியார், கூத்துப் பாட்டும் வசனமும் எழுதிய தன் வீட்டு நோட்டுகளை ஸ்கேன் செய்யச் சம்மதித்திருக்கிறார். கர்ணமோட்சம், அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் என்று ஓரம் செல்லரித்த பிரதிகள். அவர் ஜமாவின் (கூத்துக் குழுவின்) முழு இரவு ஆட்டத்தையும் ஒலிப்பதிவு செய்து, எல்லாவற்றையும் விக்கிமீடியா பொதுவகத்தில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படம், ஒலிக் கோப்புகளின் இணையக் களஞ்சியம்) ஏற்றலாம் என்றிருக்கிறேன். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ்: பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், அதே உரிமத்தில் பகிர வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை இன்றும் படிக்கிறோம். வட ஆற்காட்டுக் கூத்துக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். கருத்துச் சொல்லுங்கள்.

முகவீணை:
தம்பி, நான் கூத்துக் குடும்பம். ஸ்கேன் பண்ணுங்கள், நல்ல காரியம். ஆனால் இந்த உரிமத்தில் யார் வேண்டுமானாலும் விற்கலாமே? போன பங்குனியில் நாங்கள் விடிய விடிய ஆடியதை ஒரு யூடியூப் சேனல் எடுத்துப் போட்டது. எங்கள் ஜமா பெயர்கூட அதில் இல்லை. திரௌபதியம்மன் திருவிழாக்கள் முடிந்தால் எங்களில் பலர் கூலி வேலைக்குத்தான் போகிறோம். வணிகத்துக்கு இல்லை என்கிற உரிமம் இருக்கிறதே, அதைப் போடுங்கள்.

பாலாற்றான்:
அண்ணா, அந்தச் சேனல் எந்த உரிமத்தையும் பார்த்து எடுக்கவில்லை. வணிகத் தடை போட்டால் பொதுவகம் ஏற்காது, தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து வைக்கும் விக்கிமூலம் தளத்துக்கும் போகாது. படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருள் அச்செழுத்தை ஓரளவு நன்றாகவே படிக்கும். வாத்தியாரின் கையெழுத்துக்கு ஆட்கள் உட்கார்ந்து தட்டச்ச வேண்டும். அந்த ஆட்கள் விக்கிமூலத்தில்தான் இருக்கிறார்கள்.

காட்பாடி நூலகர்:
நோட்டையும் ஆட்டத்தையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்திருந்தால் அந்தப் பிரதி பொதுச்சொத்து, உரிமமே தேவையில்லை. வாத்தியார் தானே சேர்த்த பாட்டுகளுக்கு அவர் சம்மதம் வேண்டும். ஆட்டம் வேறு. ஆடுகிறவர், பாடுகிறவர், வாசிக்கிறவருக்குத் தங்கள் நிகழ்ச்சி மீதுள்ள உரிமை 50 ஆண்டு. வேஷக்காரர், மத்தளக்காரர், பின்பாட்டுக்காரர் எல்லோரிடமும் கேட்க வேண்டும், வாத்தியார் ஒருவர் கையெழுத்து போதாது. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முகவீணை:
சார் சொல்வது சரி. நோட்டைத் திறந்து விடுங்கள். ஒலிப்பதிவை ஜமாவிடமே விடுங்கள்.

பாலாற்றான்:
அப்புறம் நோட்டில் என்ன மிஞ்சும் அண்ணா? வரி மட்டும். விருத்தத்தை எங்கே இழுப்பது, கோமாளியாக வரும் கட்டியக்காரன் எங்கே குறுக்கே புகுவது என்பதெல்லாம் ஆட்டத்தில்தானே இருக்கிறது. வயதானவர்கள் போய்விட்டால் யாரிடம் கேட்போம்?

முகவீணை:
நீங்கள் சொல்கிற அதுதான் எங்கள் பிழைப்பு. அதற்குத்தான் ஊரில் தாம்பூலம் வைத்துக் கூப்பிடுகிறார்கள். பதிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பதிந்ததை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

காட்பாடி நூலகர்:
முழு இரவையும் பதிந்து ஜமாவிடம் ஒரு பிரதி, நூலகத்தில் ஒரு பிரதி வைக்கலாம். அவர்களாகத் தேர்ந்தெடுக்கும் பகுதியை மட்டும் திறந்த உரிமத்தில் விடலாம்.

பாலாற்றான்:
பூட்டி வைத்த பிரதி வன்தட்டோடு போய்விடும் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது சார். ஆனாலும் ஜமா முழுவதையும் உட்கார வைத்துக் கேட்கிறேன்.

முகவீணை:
எங்கள் ஜமாவிலும் வந்து கேளுங்கள் தம்பி. ஆடிக்குப் பிறகு வந்தால் எல்லோரும் ஊரில் இருப்பார்கள்.