புதுப்பிப்பு: மலபார் ட்ரீ நிம்ப், இப்போது கூட்டுப்புழு

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டில் மலபார் ட்ரீ நிம்ப் என்ற பட்டாம்பூச்சி மரங்களுக்கிடையே மிதந்து செல்வதைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் புழு எதை உண்ணும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பால் வடியும் அரளிக் குடும்பக் கொடிகளைத்தான். வழியோரத்தில் அவற்றைக் களையென்று வெட்டிவிடுகிறார்கள், வேதனையாக இருக்கிறது. கொடி போனால் முட்டையிட இடம் ஏது?

நேற்று அப்படியொரு கொடியில் கூட்டுப்புழுவையே பார்த்துவிட்டேன்! பொன்னை உருக்கி வார்த்தது போன்ற மஞ்சள், அதன்மேல் மை தெளித்த கரும்புள்ளிகள். இலையடியில் தலைகீழாகத் தொங்கியது. இறக்கை விரித்தால் 12 செ.மீ.க்குக் குறையாத உயிர் அந்தச் சிறு கூட்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது! தொடவில்லை, கிளையை வளைக்கவும் இல்லை. வெளிவரும்போது படமெடுக்க முடிந்தால் இங்கேயே பதிவிடுகிறேன்.