புதுப்பிப்பு: மோதிரம் வாங்கியாச்சு, ஆனால் 1 கேரட் இல்லை

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு 1 கேரட் எடையுள்ள வைரம் வாங்க வேண்டும், நிறத்தைப் பார்ப்பதா தெளிவைப் பார்ப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். முதலில் 'கட்'டைப் பார், அதாவது பட்டை தீட்டியிருக்கும் விதத்தைப் பார் என்று பலர் சொன்னீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள்.

இரண்டு வட்டக் கற்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்று 1 கேரட், கட் சுமார். இன்னொன்று 0.90, ஜிஐஏ (வைரங்களைத் தரம் பார்க்கும் நிறுவனம்) சான்றிதழில் கட் 'எக்ஸலென்ட்'. சின்னதுதான் அதிகம் மின்னியது. பெரியதில் எடையெல்லாம் அடிப்பகுதியின் ஆழத்தில் போய் ஒளிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டர்தான். கடை விளக்கில் எந்தக் கல்லும் ஜொலிக்கும் என்பதால் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். (விற்பனையாளர் முகம் கொஞ்சம் சுருங்கியது.)

சின்னதையே வாங்கினேன். அதன் நிறம் எச் (ஏறக்குறைய நிறமற்றது), தெளிவு எஸ்ஐ1 (உள்ளே சின்னக் குறைகள் உள்ள தரம்). உள்ளே இருக்கும் புள்ளி 10 மடங்கு லென்ஸில்தான் தெரிகிறது. கல்லின் விளிம்பில் லேசரில் பொறித்த எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுத்தேன்.

அப்புறம், விரல் அளவில்தான் சொதப்பிவிட்டேன். அவளுடைய பழைய மோதிரத்தை ரகசியமாக எடுத்துப்போய் அளந்தேன். அது வலது கையில் போடுவதாம்! இடது விரலில் லொடலொடவென்று ஆடுகிறது. சிறிதாக்கக் கொடுத்திருக்கிறோம்.