வளர்த்த தோல் ஒட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு உடம்பில் 70 சதவீதம் தீக்காயம். எடுத்து ஒட்ட நல்ல தோல் போதவில்லை. அதனால் அக்குள் பக்கம் தபால்தலை அளவு தோலை வெட்டி, அதன் செல்களை ஆய்வகத்தில் வளர்க்க அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை தானமாக வந்த தோலால் காயத்தை மூடி வைத்திருக்கிறார்கள்.

1975-இல் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மனிதத் தோல் செல்களைப் பெருக்க வழி கண்டார்கள். 1983-இல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட உடல் முழுக்க வெந்துபோன இரண்டு சிறுவர்கள் இந்த முறையில் பிழைத்தார்கள். அதைப் படித்த ராத்திரிதான் கொஞ்சம் தூங்கினேன்.

ஆனால் அப்படி வளர்த்த தோல், தாள் மாதிரி சில செல் அடுக்கு கனம்தான். அடித்தோல் இருக்காது, தொற்று வந்தால் உரிந்துவிடும், உரசினாலே கொப்புளிக்கும் என்கிறார் மருத்துவர்.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு எத்தனை நாள் அசையாமல் வைத்திருந்தார்கள்? முதல் கட்டுப் பிரித்தபோது எவ்வளவு தோல் ஒட்டிப் பிடித்திருந்தது? அப்புறம், மூட்டு இறுகாமல் இருக்க பயிற்சியை எப்போது தொடங்கினீர்கள்? இப்போதே என் விரலைப் பிடிக்கப் பார்க்கிறான், மடக்க முடியாமல் விட்டுவிடுகிறான்.